தொழுமிடமும் தொழிலிடமும்



சென்ற ஆண்டு உம்ராவை நிறைவேற்றிய பின்னர், எங்கள் குழுவினர் துருக்கி நாட்டையும் கண்டு திரும்பும் வாய்ப்பினை வல்ல அல்லாஹ் அளித்தான். இஸ்தன்பூல் நகரத்துப் பள்ளிவாசல்களைப் பற்றியும், கொன்யாவில் அடங்கியிருக்கும் மௌலானா ரூமி (ரஹ்) அவர்களைப் பற்றியும் அறிஞர் பலர் எழுதிவிட்டனர், நீங்களும் படித்திருப்பீர்கள். நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது வேறோர் இடத்திற்கு. வானளாவிய மினாராக்கள் அங்கே இல்லை. பளிங்குத் தரையும் இல்லை. அது கடலோரத்தில் நிற்கும் ஒரு பழைய தொழிற்கூடம். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஸல்ஜூக் சுல்தான் ஒருவர் தம் கடற்படைக்காகக் கட்டிய கப்பல் கட்டும் கூடம். துருக்கி மொழியில் அதனைத் 'தெர்ஸானே' என்கின்றனர்.

பள்ளிவாசல்களையும் அடக்கத்தலங்களையும் விட்டுவிட்டுப் பட்டறையைப் பார்க்கப் போவானேன் என்று நீங்கள் கேட்கலாம். குழுவிலும் சிலர் கேட்டனர். என் வாப்பா ஓர் ஓடாவி. கடற்கரை மணலில் ஓலைக் கொட்டகை போட்டுத் தோணிகளும் வத்தைகளும் கட்டியவர். அந்த வாச்சியும் உளியும் ஈட்டித் தந்த பணத்தில்தான் நான் கல்லூரியில் பட்டம் பெற்றேன். பின்னர் மார்க்கக் கல்வியும் பெற்றேன். ஆகவே அக்கூடத்தைக் காணாமல் திரும்ப என் மனம் ஒப்பவில்லை.

கொன்யாவிலிருந்து தெற்கே புறப்பட்டு, டோரஸ் மலைத்தொடரைக் கடந்து இறங்கினால் மத்தியதரைக் கடலின் கரையில் அலன்யா நகரம் இருக்கிறது. கடலுக்குள் நீட்டிய கைபோல ஒரு பாறை மலை. உயரம் சுமார் 250 மீட்டர். அம்மலையைச் சுற்றி ஆறு கிலோமீட்டருக்கும் மேலாக நெளிந்து செல்லும் கோட்டை மதில். மலையின் கிழக்குப் பக்கத்தில், மேல்காற்று தாக்காத மறைவில், துறைமுகம் அமைந்திருக்கிறது. இம்மலைக் கோட்டையை 1221ஆம் ஆண்டு சுல்தான் முதலாம் அலாவுத்தீன் கைகுபாத் முற்றுகையிட்டுக் கைக்கொண்டார். தம் பெயராலேயே ஊருக்கு 'அலாயிய்யா' என்று பெயரும் சூட்டினார். அதுவே இன்று அலன்யா.

ஸல்ஜூக்குகள் நடு ஆசியப் புல்வெளிகளிலிருந்து குதிரைகளில் வந்த மக்கள். கடல் அவர்களுக்குப் புதிது. வடக்கே கருங்கடற்கரையில் ஸினோப் துறைமுகம் 1214இல்தான் அவர்கள் வசமாயிற்று. தெற்கே அலாயிய்யாவும் கிடைத்தபின், சுல்தான் தம்மை 'இரு கடல்களின் சுல்தான்' என்று கல்வெட்டுகளில் பொறித்துக்கொண்டார். கடலின் பெயரைப் பட்டமாகச் சூடிக்கொள்வது எளிது. கடலில் மிதக்கக் கலம் வேண்டுமே! கலத்திற்கு மரம் வேண்டும். மரத்தை இழைக்கக் கைகள் வேண்டும். அக்கைகளுக்கு நிழல் வேண்டும். இவற்றை எண்ணிப் பார்த்ததன் விளைவே நாம் காணப்போகும் கட்டடம்.

துறைமுகத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது செங்கோபுரம். எட்டுப் பக்கங்களும் 33 மீட்டர் உயரமும் கொண்ட இக்கோபுரம் 1226இல் எழுந்தது. அடிப்பகுதி முழுவதும் செதுக்கிய சுண்ணாம்புக்கல்; மேற்பகுதி சிவந்த செங்கல். கோபுரத்தின் நடுவே மழைநீரைச் சேமிக்கும் தொட்டி ஒன்றும் அமைந்திருக்கிறது. துறைமுகத்தையும் கப்பற்கூடத்தையும் காப்பதே இதன் வேலை.

இக்கோபுரத்தின் சுவரிலே சுல்தானின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதில் வியப்பில்லை, பொன் கொடுத்தவர் அவர். ஆனால், கட்டியவரின் பெயரும் அங்கே கல்லில் இருக்கிறது! ஹலப் நகரத்து அபூ அலீ என்பவரே அந்தச் சிற்பி. ஸினோப் கோட்டையிலும் இவர் பெயர் காணப்படுகிறது. தம் கைத்தொழிலின் பெயரால் ஊர்விட்டு ஊர் அழைக்கப்பட்டவர் அவர். இதனை வழிகாட்டி எடுத்துச் சொன்னபோது, உடன் வந்தவர்கள் 'மாஷா அல்லாஹ்' என்றனர். எனக்கோ வாய் எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நான் கல்லூரியில் சேர்ந்தபோது நிரப்பிய விண்ணப்பத்தில், 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதினேன். ஓடாவி என்று எழுத என் கை கூசியது. கையொப்பத்திற்காக அத்தாளை வாப்பாவிடம் நீட்டினேன். வாப்பா அதிகம் படித்தவரல்லர். ஆயினும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். அந்த வரியில் அவர் கண் நின்றதை நான் பார்த்தேன். பின்னர் தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு கையொப்பமிட்டார். அதுபற்றி அன்றும் பேசவில்லை. மவுத்தாகும் வரையிலும் பேசவில்லை. ஹலபிலிருந்து வந்த கொத்தனார் ஒருவரின் பெயரை எண்ணூறு ஆண்டுகளாக ஒரு கல் சுமந்துகொண்டிருக்கிறது. என் வாப்பாவின் தொழிலை ஒரு தாளில் எழுத மனமற்றுப் போனவன் நான்.

வாருங்கள், கூடத்திற்குச் செல்வோம். செங்கோபுரத்திலிருந்து கடலோர மதிலை ஒட்டித் தெற்கே சிறிது தூரம் நடந்தால் போதும். கடலிலிருந்து பார்ப்பவர்க்கு, அலையின் விளிம்பில் ஐந்து பெரிய வளைவுகள் அருகருகே வாய் திறந்து நிற்பது தெரியும். முகப்பின் நீளம் ஏறத்தாழ 57 மீட்டர். மலையை நோக்கி உட்செல்லும் ஆழம் ஏறத்தாழ 40 மீட்டர். 1228இல் கட்டி முடிக்கப்பட்டது. நிலத்துப் பக்கமாக உள்ளே நுழையும் வாயிலின் மேல் சுல்தானின் கல்வெட்டும், பூ வடிவச் செதுக்கல்களும் உள்ளன. கட்டடம் முழுவதிலும் அலங்காரம் என்று சொல்லத்தக்கது அவ்வளவுதான்.

அவ்வாயிலின் ஒரு பக்கத்தில் காவலர்க்கான அறை. மறுபக்கத்தில் ஒரு சிறு பள்ளி! ஆம், தொழுவதற்கென்றே கட்டிய அறை. அரசர் தொழும் பள்ளியன்று, படைத்தலைவர்க்கு உரியதுமன்று. மரத்தூள் படிந்த ஆடையோடும், நிலக்கீல் ஒட்டிய விரல்களோடும் வேலை செய்தவர்கள் பாங்கோசை கேட்டதும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, கைகால் கழுவி, சில அடிகள் நடந்து வந்து அணிவகுத்து நின்ற இடம். நம் நாட்டில் மேற்கே நோக்கித் தொழுகிறோம். அங்கே கஃபத்துல்லாஹ் தென்கிழக்கே, தெற்கு மிகுந்த திசையில் இருக்கிறது. கூடத்தின் வாய் கிழக்கே கடலை நோக்கியது. ஆகவே கடலைப் பார்த்து வேலை செய்தவர், தொழுகைக்காக வலப்புறம் திரும்பினால் போதும்.

உள்ளே ஐந்து நீண்ட கூடங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏழெட்டு மீட்டர் அகலம். பெரிய பீப்பாயை நெடுக்கில் பிளந்து கவிழ்த்தாற்போன்று மேலே வளைகூரை. வளைவுகள் அரைவட்டமாக இல்லாமல் உச்சியில் கூர்மையாக முடிகின்றன. இது வெறும் அழகுக்காகச் செய்ததன்று. அரைவட்ட வளைவு தன் பாரத்தால் சுவரைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும். கூரிய வளைவோ அப்பாரத்தின் பெரும்பங்கைக் கீழே அடித்தளத்திற்கு இறக்கிவிடும். மேலும், ஐந்து கூரைகளும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால், ஒன்றின் தள்ளுதலை அடுத்தது தாங்கிக்கொள்கிறது. ஜமாஅத்துத் தொழுகையில் தோளோடு தோள் சேர்த்து நிற்பவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன். ஒருவர் அசைந்தாலும் அடுத்தவர் தோள் தாங்கும்.

கூடங்களைப் பிரிக்கும் சுவர்களும் அடைபட்ட சுவர்கள் அல்ல. அவற்றிலும் வளைவு வளைவாக வழிகள் விடப்பட்டுள்ளன. ஐந்து கலங்களை ஒரே வேளையில் கட்டலாம். ஒரு கூடத்தில் அறுத்த பலகையை வெளியே சுற்றாமல் அடுத்த கூடத்திற்குக் கொண்டு செல்லலாம். தலைமைத் தச்சர் நடுவில் நின்றபடி எல்லா வேலையையும் மேற்பார்க்கலாம். ஒரு கூடத்திலே கிணறும் இருக்கிறது. உப்புக் கடல் வாசலில் அலையடிக்க, குடிக்க நன்னீர் கைக்கெட்டிய தூரத்தில்! வேலை செய்பவனின் தாகத்தையும் எண்ணிப் பார்த்துக் கட்டிய கட்டடம் இது.

கலம் கட்டுவோர்க்குக் கல்லால் கூரை எதற்கு? நம் கரையோரத்தில் தோணி கட்டுவோரைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். வெயில் நேரே விழுந்தால் பலகை வெடிக்கும். மழை விழுந்தால் ஊறிப் பொருத்து விலகும். வாப்பா ஓலைக் கீற்றைக் கொண்டு அப்பலகைகளைக் காத்தார். மாரிக்காலத்தில் கீற்று பறந்துபோகும் இரவுகளில் உம்மாவும் நாங்களும் சாக்குகளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடுவோம். போர்க்கலம் கட்டும் இடத்திற்கோ நெருப்பு அச்சமும் உண்டு. கல்லைத் தீ தின்னாது. கிழக்கு நோக்கிய வாய்களின் வழியே காலை வெயில் உள்ளே வெகுதூரம் பாய்ந்து நுண்ணிய வேலைக்கு ஒளி தருகிறது. பிற்பகலிலோ பின்னால் நிற்கும் மலையே நிழலாகிறது. தரை கடலை நோக்கித் தாழ்ந்து செல்கிறது. கட்டி முடித்த கலம் அச்சரிவில் இறங்கி நேரே நீரைத் தொடும். இன்றும் அலைகள் வாயில்களுக்குள் வந்து வந்து திரும்புகின்றன.

இக்கூடம் ஸல்ஜூக்குகளோடு முடிந்துபோகவில்லை. ஆட்சிகள் மாறியபோதும் உள்ளூர்ப் படகுத் தச்சர்கள் 20ஆம் நூற்றாண்டு வரையிலும் இங்கே வேலை செய்துவந்தனர். இப்போது கலங்களின் மாதிரிகளையும் பழைய கருவிகளையும் உள்ளே காட்சிக்கு வைத்திருக்கின்றனர். அலன்யாவின் கோட்டையும் இக்கூடமும் 2000ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. பலகை மூடாத கலம் ஒன்றின் எலும்புக்கூட்டைக் கண்டதும் என் கால்கள் நின்றுவிட்டன. நடுவே ஏரா மரம். இருபுறமும் வளைந்தெழும் வங்குகள். மொழி வேறு, நாடு வேறு. ஆனால் அந்த வளைவை நான் சிறுவயதிலேயே அறிவேன். அது எங்கள் வீட்டுச் சோற்றின் வடிவம்.

இனி, ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரபு மொழியில் கப்பல் கட்டும் கூடத்திற்குத் 'தாருஸ் ஸினாஆ' என்று பெயர். 'தார்' என்றால் இல்லம். 'ஸினாஆ' என்றால் கைத்தொழில். கைத்தொழிலின் இல்லம்! உமையாக்களின் காலத்தில் துனிஸ் நகரில் கப்பற்கூடம் அமைக்க எகிப்திலிருந்து கிப்தியத் தச்சர்களைக் குடும்பங்களோடு வரவழைத்தனர் என்று வரலாறு கூறுகிறது. அச்சொல் கடல்வழியே இத்தாலிக்குச் சென்றது. வெனிஸ் நகரத்துப் புகழ்பெற்ற கப்பற்கூடம் 'ஆர்செனாலே' ஆனது. ஆங்கிலத்தில் 'ஆர்சனல்' என்று நுழைந்து ஆயுதசாலையைக் குறித்தது. துருக்கியரின் 'தெர்ஸானே'யும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. லண்டனில் அரசு ஆயுதசாலைத் தொழிலாளர்கள் 1886இல் ஒரு கால்பந்துக் குழுவைத் தொடங்கினர். நம் வீட்டுப் பிள்ளைகள் மார்பில் அணிந்து திரியும் 'ஆர்சனல்' என்ற பெயர் அக்குழுவினுடையதே. பனியனில் இருப்பது 'தாருஸ் ஸினாஆ' என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

இன்னும் ஒன்று. நூஹ் (அலை) அவர்களுக்குக் கப்பலைக் கட்டுமாறு அல்லாஹ் கட்டளையிட்டதைத் திருக்குர்ஆனின் ஹூத் அத்தியாயம் கூறுகிறது. அக்கட்டளையில் வரும் வினைச்சொல்லும் இந்த 'ஸினாஆ'வும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தாவூத் (அலை) அவர்களுக்குக் கவசம் செய்யும் தொழில் கற்பிக்கப்பட்டதை அன்பியா அத்தியாயம் சொல்லும் இடத்திலும் அதே வேர் வருகிறது. ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஹதீஸ். இவற்றையெல்லாம் நான் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறேன். நடத்தி முடித்துவிட்டு, தச்சர் வீட்டில் பெண் கொடுக்கத் தயங்கும் ஊர்வழக்கைக் கேட்டும் கேளாதவனாக நடந்து போயிருக்கிறேன்.

இந்த அலாயிய்யாவிற்கும் நம் கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. உலகம் சுற்றிய இப்னு பதூதா (ரஹ்) 1330களின் தொடக்கத்தில் ஷாம் நாட்டுக் கரையிலிருந்து கப்பலேறி அலாயிய்யாவில்தான் இறங்கினார். அவ்வூராரின் அன்பை வியந்து எழுதினார். அங்கிருந்து அலெக்ஸாண்டிரியாவிற்கும் தமியாத்திற்கும் மரம் ஏற்றுமதியாவதையும் குறித்து வைத்தார். அதே பயணி 1340களில் மஅபர் என்ற நம் தமிழ்க்கரைக்கும் வந்தார். அவர் 'பத்தன்' என்று பெயரிட்டு எழுதும் துறைமுகம் எந்த ஊர் என்பதில் ஆய்வாளர் கருத்து வேறுபடுகின்றனர். பெரியபட்டினம் என்போரும் உளர். அங்கே பெரும் மரங்களை நட்டு, அவற்றின் மேல் கட்டிய மரமண்டபம் ஒன்றை அவர் கண்டார். மரத்தாலேயே கூரையிட்ட பாதை வழியாக அதற்குச் செல்ல வேண்டும். பகைவர் வந்தால் துறையிலுள்ள கலங்களை அதனோடு பிணைத்துவிட்டு, வில்லாளர் மேலே ஏறிக்கொள்வர். அழகிய கற்பள்ளி ஒன்றும் அவ்வூரில் இருந்தது.

சிந்தித்துப் பாருங்கள். அங்கே கல்லில் கட்டினர், நிற்கிறது. இங்கே மரத்தில் கட்டினர், மறைந்தது. அம்மண்டபத்தை எழுப்பிய நம் கரைத் தச்சர் எவர்? ஒரு பெயர்கூட நம்மிடம் இல்லை. அழிந்தவற்றைப் பற்றி வருந்தி ஆவதொன்றுமில்லை. இருப்பவரின் பெயரையேனும் நாம் மறைக்காதிருக்கலாம் அல்லவா?

ஊர் திரும்பிய பின் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மதரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவனின் வாப்பா படகுத் தச்சர். ஃபைபர் படகுகள் பெருகிவிட்டதால் மரவேலை குறைந்து, பழுது பார்த்துக் காலம் தள்ளுபவர். வெளியூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "வாப்பா என்ன செய்கிறார்கள்?" என்று அச்சிறுவனிடம் கேட்டபோது, "வெளிநாட்டில் இருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டான். நான் அருகில்தான் இருந்தேன். அன்று மாலை அவன் அந்த 'ஆர்சனல்' பனியனோடு வந்தான். பக்கத்தில் உட்காரவைத்து அச்சொல்லின் கதையைச் சொன்னேன். கூடத்தைப் பற்றியும் வாசலில் உள்ள பள்ளியைப் பற்றியும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவு எனக்குப் பழக்கமானது. ஆகவே விண்ணப்பத் தாளின் கதையையும் ஒளிக்காமல் சொன்னேன்.

அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "அப்போது உங்கள் வாப்பா என்ன சொன்னார்கள், ஹஜ்ரத்?"

"ஒன்றும் சொல்லவில்லை" என்றேன்.

வாசகர்களே, தாய்மார்களே! பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை கொண்டுவரும் தாளில் தொழிலைக் கேட்டிருந்தால், உள்ளதை எழுதச் சொல்லுங்கள். தச்சர் என்றால் தச்சர். தையற்காரர் என்றால் தையற்காரர். இரும்படிப்பவர் என்றால் இரும்படிப்பவர். சம்பந்தம் பேச வருபவர்களிடம் மாப்பிள்ளையின் தொழுகையை விசாரிக்கும் நாம், அவர் கைகள் ஹலாலாக உழைக்கின்றனவா என்றும் விசாரிப்போம். அந்த உழைப்பின் பெயர் நம் காதுக்கு இனிக்கிறதா என்று பார்க்க வேண்டாம். அலாயிய்யாவில் தொழுமிடத்தையும் தொழிலிடத்தையும் ஒரே வாசலில் வைத்துக் கட்டினார்கள். நாம்தான் நடுவே ஒரு சுவரை எழுப்பிக்கொண்டோம்.

அந்தச் சிறு பள்ளியின் உள்ளே நின்று, நான் வாப்பாவுக்காகக் கையேந்தினேன். அலை வாசல்வரை வந்து திரும்பும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கைத்தொழில் செய்து நம்மை ஆளாக்கிய பெற்றோர் அனைவரின் பிழைகளையும் அல்லாஹ் பொறுத்தருள்வானாக! அவர்கள் பெயரைச் சொல்ல வெட்கப்பட்ட நம் பிழைகளையும் பொறுத்தருள்வானாக! ஆமீன்.